மேகமாகிப்போன மரம்: எலிவேஷனுக்கு மரம் வரைந்த அனுபவம்

இரண்டு மாடி வீடு ஒன்றின் முன்பக்க எலிவேஷன், அதாவது முகப்பு வரைபடம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து முடித்து 1:100 ஸ்கேலில் பிரிண்ட் எடுத்தாயிற்று. 14 மீட்டர் அகலம், தாளில் 14 சென்டிமீட்டர். கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் வீடு மாதிரி இல்லை. எந்த அளவில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டி போல உட்கார்ந்திருந்தது. தாளைப் பார்த்த மூத்தவர், "ரெண்டு மரம் போட்டுக் கொடுங்க, உயிர் வரும்" என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று சாயங்காலம் போயிற்று.

ஆளுக்கொரு மரக் களஞ்சியம் வைத்திருப்பார்கள். எங்கிருந்தோ வந்து, கணினி மாறும்போதெல்லாம் கூடவே மாறி வரும் பிளாக் கோப்பு. பிளாக் என்றால் ஒருமுறை வரைந்துவிட்டு வேண்டிய இடத்திலெல்லாம் வைத்துக்கொள்ளக்கூடிய படத்துண்டு. என்னிடமும் ஒன்று இருந்தது. அதிலிருந்து இலை இலையாக வரைந்த அழகான மரம் ஒன்றை எடுத்து இன்சர்ட் செய்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை செய்தும் வரவில்லை. தரைக்கோட்டருகே ஜூம் செய்துகொண்டே போனபோது, 7 மி.மீ. உயரத்தில் இரண்டு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அந்த பிளாக்கை வரைந்தவர் மீட்டரில் வரைந்திருக்கிறார், நான் வேலை செய்வது மில்லிமீட்டரில். இரண்டு கோப்பிலும் அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பு சரியாக இருந்திருந்தால் ஆட்டோகேட் தானாகவே பெருக்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பில் அலகே குறிக்கவில்லை. ஆயிரத்தால் பெருக்கினேன். அதே களஞ்சியத்தில் அங்குலத்தில் வரைந்த மரமும் ஒன்று இருந்தது, அதற்கு 25.4. இது பெரிய விஷயமில்லை, ஒரு தடவை ஏமாந்தால் பிறகு முதலில் இதைத்தான் பார்ப்போம்.

பெரிய விஷயம் பிரிண்டில் வந்தது. திரையில் அத்தனை நளினமாக இருந்த மரம், தாளில் மை கொட்டிய கறையாக இருந்தது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலையின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால் 1:100-இல் அது 0.4 மி.மீ. ஆட்டோகேடின் இயல்பான கோட்டுத் தடிமன் 0.25. இலையின் இரு விளிம்பிலும் அந்தத் தடிமனின் பாதி உள்ளே விழும். நடுவில் மிஞ்சும் வெள்ளை 0.15 மி.மீ. அதன்மேல் பக்கத்து இலையும் வந்து படுத்தால் வெள்ளைக்கு எங்கே இடம்? 1:200-இல் போட்டால் கணக்கே வேண்டாம், இலையைவிடக் கோடு தடிமன். திரையில் ஜூம் செய்து பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. திரை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகும், தாள் ஆகாது. போதாக்குறைக்கு அந்த ஒரு மரத்தை எக்ஸ்புளோட் செய்து, அதாவது தனித்தனிக் கோடுகளாக உடைத்து, ப்ராப்பர்ட்டீஸில் எண்ணிக்கை பார்த்தால் ஆயிரக்கணக்கில் துண்டுக் கோடுகள். ஆறு மரம் வைத்தால் வீட்டைவிட மரம்தான் கனமாக இருக்கும்.

அதனால் நானே எளிமையாக ஒன்று வரைவது என்று முடிவு செய்தேன். இலை வேண்டாம், தழையின் வெளிவடிவம் போதும். இங்கேதான் ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. ரெவ்கிளவுட் கட்டளை. ஒரு வட்டம் போடு, அதை ஆப்ஜெக்ட் என்று காட்டு, வட்டம் அலை அலையான மேகமாகிவிடும். கீழே இரண்டு கோட்டில் அடிமரம். ஒரு நிமிடத்தில் மரம் தயார். மூன்று அளவில் மூன்று மரம் வைத்து, எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு கோப்பை அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஸ்ட்ரக்சர் பார்க்கிற பொறியாளர் போன் செய்தார். "மாடி ஜன்னல் பக்கத்துல மூணு இடத்துல ரிவிஷன் கிளவுட் போட்டிருக்கீங்களே சார், என்ன மாத்தியிருக்கீங்க? பழைய ஷீட்டையும் இதையும் வெச்சுப் பார்க்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே."

"சார், அது மரம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் அந்த அலைக்கோட்டுக்கு ஒரே பொருள்தான்: இங்கே ஏதோ மாறியிருக்கிறது, பார். அவர் அரை மணி நேரம் தேடியிருக்கிறார்.

சரி, கணினியை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு மரம் கிறுக்கினேன், ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி அளவுக்கு, அதாவது தாளில் எந்த அளவில் வரப்போகிறதோ அதே அளவில். அந்த அளவில் கையே நமக்குச் சொல்லிவிடும், எத்தனை கோடு தாங்கும் என்று. பென்சில் முனை நுழையாத இடத்தில் பிரிண்டரின் கோடும் நுழையாது. உருண்டைத் தழை, குடை, கூம்பு, ஒல்லியான தூண் என்று நான்கு வடிவம் தேறின. தழை முழுக்கப் புள்ளி வைத்த மரம் காகிதத்தில் அழகாக வந்தது, ஆனால் கணினியில் அத்தனை புள்ளிக்கும் அத்தனை வட்டம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பிடித்திருந்த நான்கையும் போனில் படம் எடுத்து, இமேஜ்அட்டாச் மூலம் கோப்பில் கொண்டுவந்து, அடிமரத்தின் உயரத்தை வைத்து ஸ்கேல் செய்து மேலே வரைந்தேன். அடிமரம் நேர்கோட்டுப் பாலிலைன், அதாவது பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு. கீழே சற்று அகலம், மேலே போகப் போகக் குறுகல். இரண்டு விளிம்பும் இணையாகப் போனால் விளக்குக் கம்பம் போல ஆகிவிடுகிறது. கிளைகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒரே புள்ளியிலிருந்து எல்லாக் கிளையும் பிரிந்தால் துடைப்பம், வெவ்வேறு உயரத்தில் பிரிந்தால் மரம். தழைக்கு மூடிய வட்டம் போடாமல், அங்கங்கே விட்டு விட்டு வரும் வில்கோடுகள். விட்ட இடத்தைக் கண் தானே நிரப்பிக்கொள்கிறது. ரெவிஷன் கிளவுடிலிருந்து தப்பிக்கவும் அந்த இடைவெளிதான் வழி. எனக்காக ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்: தாளில் 1 மி.மீ.க்கு நெருக்கமாக இரண்டு கோடு கூடாது. 1:100-க்கு அது வரைபடத்தில் 100 மி.மீ. இந்த விதி வந்த பிறகு பாதிக் கோடுகளை அழித்தேன், மரம் நன்றாகவே ஆயிற்று. வேலை முடிந்ததும் படத்தை டிடாச் செய்து கழற்றிவிட மறக்கக்கூடாது. இல்லையென்றால் கோப்பைத் திறக்கிற அடுத்தவருக்கு மரத்தடியில் ஒரு கோப்புப் பாதை மட்டும் எழுத்தாக நிற்கும்.

இதுவரை விளையாட்டு. மரத்தை வீட்டின் முன்னால் வைத்ததும்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. ஜன்னல் சட்டம், மாடித் தளக்கோடு, கைப்பிடிச் சுவர் எல்லாம் மரத்துக்குள்ளே ஓடின. மரம் கண்ணாடியில் செய்தது போல இருந்தது. பின்னால் உள்ளதை மறைக்க வேண்டும். அதற்கு வைப்அவுட் இருக்கிறது. தழையைச் சுற்றி ஒரு மூடிய பாலிலைன் போட்டு, வைப்அவுட்டில் அதைக் காட்டினேன். ஏற்றுக்கொள்ளவில்லை. வைப்அவுட்டுக்கு நேர்கோட்டுத் துண்டுகள் மட்டுமே உள்ள மூடிய பாலிலைன்தான் வேண்டும். வில் ஒன்று இருந்தாலும் மறுத்துவிடும். என் தழையில் வில்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

பாலிலைனை நகலெடுத்து, பெடிட்டில் டீகர்வ் கொடுத்தேன். வில்லெல்லாம் நேராகிப் பலகோணம் ஆயிற்று. இப்போது வைப்அவுட் ஏற்றது. ஆனால் வில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும், நேர்கோடு அதன் இரு முனைகளையும் இணைத்து உள்ளே போகும். அந்தப் புடைப்புக்குள் பிறை பிறையாகக் கட்டடக் கோடுகள் எட்டிப் பார்த்தன. பலகோணத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மரத்துக்கு வெளியே ஒரு வெள்ளை வளையம். கையால் ஒவ்வொரு முனையாக இழுத்துச் சரி செய்ய உட்கார்ந்தேன். இரண்டாவது சாயங்காலம் அப்படியே போயிற்று.

நேர்கோட்டுத் தொல்லை இல்லாத வழி ஒன்றும் உண்டு. மூடிய பாலிலைனுக்குள் சாலிட் ஹேட்ச் போட்டு, அதாவது உள்ளே முழுக்க நிறம் நிரப்பி, அதற்கு ட்ரூ கலரில் 255, 255, 255 என்ற வெள்ளையைக் கொடுப்பது. ஹேட்ச் வில்லை மறுக்காது. எண்ணால் குறிக்கும் இன்டெக்ஸ் நிறங்களில் உள்ள வெள்ளையான 7-ஐக் கொடுத்தால் வேலைக்காகாது, அது தாளில் கறுப்பாகத்தான் விழும். எந்த நிறம் தாளில் எப்படி விழும் என்று சொல்லும் மோனோகுரோம் சி.டி.பி. கோப்பு இன்டெக்ஸ் நிறங்களை எல்லாம் கறுப்பாக்கும், ட்ரூ கலரைத் தொடாது. அந்த ஓட்டையில்தான் இந்த உத்தி பிழைக்கிறது. கறுப்புத் திரையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தொந்தரவு: வைப்அவுட் திரையின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும், இந்த ஹேட்சோ டார்ச் அடித்தது போலப் பளிச்சென்று நிற்கும். அதனால் மறைப்புகளைத் தனி லேயரில் (அடுக்கில்) வைத்து, வரையும்போது அதை ஃப்ரீஸ் செய்து கண்ணில் படாமல் வைத்தேன். ஒருமுறை ஃப்ரீஸை எடுக்காமலே பிளாட் கொடுத்து ஷீட்டை வீணாக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் சரியாக மறைந்தது. பிரிண்டைக் கையில் எடுத்ததும் மனது சரியில்லை. முன்னால் நின்ற மூன்று மரமும் வீட்டில் மூன்று ஓட்டை போட்டது போல இருந்தன. மாடி ஜன்னலில் பாதியைக் காணோம். எலிவேஷன் என்பது ஜன்னல் எங்கே இருக்கிறது என்று சொல்லத்தானே? இரண்டு சாயங்காலம் பாடுபட்டு, காட்ட வேண்டியதையெல்லாம் மறைத்திருந்தேன்.

அப்புறம் தழை மறைப்பை மட்டும் எடுத்துவிட்டு, அடிமர மறைப்பை வைத்து ஒரு பிரிண்ட் எடுத்தேன். ஆச்சரியம்! தழைக்குள் ஜன்னல் தெரிந்தது, உறுத்தவே இல்லை. நிஜத்திலும் இலைகளின் இடுக்கில் பின்னால் இருப்பது தெரியும்தானே, கண் அதை ஏற்றுக்கொள்கிறது. மரக்கட்டைக்குள் கோடு ஓடினால்தான் கண் ஏற்பதில்லை. கண்ணாடி மாதிரி என்று முதலில் தோன்றியதற்குக் காரணம் அடிமரம்தான், தழை இல்லை. அடிமரமும் கிளைகளும் நேர்கோட்டால் ஆனவை, வைப்அவுட் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. நான் சண்டை போட்டதெல்லாம் தேவையே இல்லாத இடத்தில்.

ஒரே ஒரு விலக்கு. வீட்டின் இடது ஓரத்தில் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் ஹேட்ச். அதன் முன் நின்ற மரத்தின் வில்கோடுகள் செங்கல் வரிகளுக்குள் காணாமல் போயின. அங்கே மட்டும் வெள்ளை ஹேட்ச் மறைப்பு. இதற்காகவே மரத்தை டைனமிக் பிளாக் ஆக்கி, விசிபிலிட்டியில் இரண்டு நிலை வைத்தேன்: மறைப்போடு ஒன்று, மறைப்பில்லாமல் ஒன்று. ஒரே மரம், எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

பிளாக் செய்யும்போது கவனித்தவை சில. கோடுகளை லேயர் 0-இல், பைலேயர் நிறத்திலும் தடிமனிலும் வரைந்துவிட்டால், பிளாக்கை எந்த லேயரில் வைக்கிறோமோ அதன் நிறமும் தடிமனும் வந்துவிடும். வீட்டுக்கு முன்னால் நிற்கும் முன்வரிசை மரத்துக்கும் பின்னால் நிற்கும் பின்வரிசை மரத்துக்கும் ஒரே பிளாக் போதும். பிளாக் எடிட்டருக்குள்ளேயே டிராஆர்டர் கொடுத்து மறைப்பை அடியில் தள்ள வேண்டும், மறந்தால் மரம் தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். வைப்அவுட்டின் சட்டக்கோடு திரையில் தெரிய வேண்டும், தாளில் கூடாது என்றால் வைப்அவுட்ஃபிரேம் மதிப்பு 2. பிளாக்கைப் பிடித்து வைக்கும் பேஸ் பாயிண்ட்டை அடிமரத்தின் அடியில் வைக்காமல் 50 மி.மீ. மேலே வைத்தேன். மரத்தின் கால் தரைக்கோட்டுக்குள் கொஞ்சம் புதைந்து நிற்கும். இல்லாவிட்டால் தரையில் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது.

கோட்டுத் தடிமனில் ஒரு பாடம் கிடைத்தது. மரம் பின்வாங்கித் தெரிய வேண்டும் என்பதற்காக சி.டி.பி.யின் நகல் ஒன்றில் மர நிறத்துக்கு ஸ்கிரீனிங் 50 கொடுத்துச் சாம்பல் ஆக்கினேன். திரையில் அருமை. லேசர் பிரிண்டரில் மெல்லிய சாம்பல் கோடுகள் புள்ளி புள்ளியாக உடைந்தன. அந்தப் பிரிண்டரிடம் இருப்பது கறுப்பு டோனர் மட்டும்தான், சாம்பலை அது புள்ளிகளால்தான் காட்டும். மெல்லிய கோட்டில் அந்தப் புள்ளிகளுக்கு இடமில்லை. ஆகவே சாம்பலை விட்டுவிட்டுக் கறுப்பிலேயே மெலிதாக்கினேன். கட்டடத்தின் வெளிவிளிம்பு 0.5, ஜன்னல் கதவுகள் 0.25, முன்வரிசை மரம் 0.13, பின்வரிசை 0.09. இந்த 0.09 நகலெடுக்கும் இயந்திரத்தில் போய் வந்தால் அங்கங்கே மறைந்துவிடுகிறது. பின்னால் நிற்கிற மரம்தானே, போகட்டும் என்று விட்டேன்.

நான்கு மரத்தை வைத்துப் பத்து மரம் காட்ட வேண்டும். எக்ஸ் ஸ்கேலில் மைனஸ் கொடுத்தால் மரம் திரும்பிக்கொள்ளும். அகலத்தை 0.85-லிருந்து 1.1 வரை, உயரத்தைத் தனியாக 0.8-லிருந்து 1.15 வரை மாற்றினால் உடன்பிறப்புகள் போல ஆகிவிடும், இரட்டையர் போல இருக்காது. இதற்கு மேல் இழுத்தால் அடிமரம் வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று: மரம் எவ்வளவு உயரம் என்று பார்ப்பதைவிட, தழை எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். வாசல் கதவு 2.1 மீட்டர். முன்வரிசை மரத்தின் தழை 2.4 மீட்டருக்கு மேல் ஆரம்பித்தால் கதவும் கீழ் ஜன்னலும் முழுதாகத் தெரியும், மரத்தடியில் ஓர் ஆளை நிறுத்தினால் வீட்டின் அளவும் சட்டென்று பிடிபடும்.

பின்வரிசை மரங்களை முதலில் எக்ஸ்கிளிப் போட்டு, கைப்பிடிச் சுவருக்கு மேல் தெரியும் பகுதியை மட்டும் விட்டு வைத்தேன். அந்தச் சுவரை 300 மி.மீ. குறைத்தார்கள். தழையெல்லாம் அந்தரத்தில் நின்றது. பிறகு கிளிப்பை எல்லாம் எடுத்துவிட்டு, கட்டடத்தின் வெளிவிளிம்புக்கு பவுண்டரி போட்டு, அந்தப் பாலிலைனையே ஒரு பெரிய வைப்அவுட் ஆக்கினேன். கட்டடம் முழுக்க நேர்கோடு, மறுப்பில்லை. அடியில் பின்வரிசை மரம், அதன்மேல் கட்டட வைப்அவுட், அதன்மேல் கட்டடக் கோடுகள், எல்லாவற்றுக்கும் மேல் முன்வரிசை மரம். சுவர் மறுபடி மாறினால் வைப்அவுட்டின் இரண்டு முனைகளை இழுத்தால் போதும்.

ரெவிட் என்ற முப்பரிமாண மென்பொருளில் இதே வேலையை டீட்டெயில் ஐட்டமாக, அதாவது தட்டையான படமாகச் செய்து பார்த்த நண்பர் ஒருவர் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டார். டீட்டெயில் ஐட்டம் வைத்த வியூவில் மட்டும்தான் தெரியும், எப்போதும் மாடலுக்கு மேலேதான் நிற்கும். பின்வரிசை மரமெல்லாம் வீட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. மாடலிலேயே பிளான்டிங் வகைப் பொருளாக நட்டிருந்தால் சுவர் தானாக மறைத்திருக்கும். ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு மென்பொருள் இந்த விஷயத்தில் சமத்து. அட்டை போன்ற ஒரு மரத்தை கேமராவைப் பார்த்துத் திரும்பும் காம்பொனன்ட் ஆக்கிவிட்டால், நான்கு எலிவேஷனிலும் முகம் காட்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மூத்தவர் கேட்டார்: "பிளான்ல மூணு மரம் இருக்கு, எலிவேஷன்ல அஞ்சு இருக்கே?" நான் கண்ணுக்கு அழகாக இருக்கும் இடத்தில் நட்டிருந்தேன். வரைபடத்தில் மரம் இருந்தால் அது வரப்போகிறது என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். சைட் பிளானிலிருந்து கோடு இறக்கிப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த, நுழைவாயிலுக்கு வலப்பக்கம் நின்ற குடை மரம், நிலத்தடித் தொட்டியின் நடுவில் நின்றது. அதையும் பக்கத்தில் நின்ற இன்னொன்றையும் எடுத்துவிட்டேன். மீதி மூன்றையும் பிளானில் உள்ள இடத்துக்கே நகர்த்தினேன். பின்வரிசையில் நிற்பவை பக்கத்து மனையின் மரங்கள், நேரில் இருப்பவை, அவை அப்படியே இருந்தன.

இன்னும் சரிவராதது பனை வகை. ஓலைகளை வரைந்தால் 1 மி.மீ. விதி உடைகிறது, விதியைக் காப்பாற்றினால் ஓலை குடைக்கம்பி ஆகிவிடுகிறது. இப்போதைக்கு ஒரு தண்டும் ஏழு வில்லுமாக ஒன்றை வரைந்து, பின்வரிசையில் 0.09 தடிமனில் ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். ஷீட் போய் ஒரு வாரம் ஆகிறது. பொறியாளர் இன்னும் போன் செய்யவில்லை.